பழைய பித்தளைத் தொலைநோக்கியைப் பிரித்துச் சுத்தம் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

என் கைக்கு வந்த முதல் பித்தளைத் தொலைநோக்கியை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். பஞ்சில் பொன்னும் பழுப்பும் கலந்த நிறம் இறங்கியது. நூறு வருஷத்து அழுக்கு வருகிறது என்று நினைத்து இன்னொரு பஞ்சை எடுத்தேன். அதிலும் அதே நிறம். மூன்றாவது பஞ்சில்தான் உறைத்தது. அழுக்கு கறுப்பாக வரும், தேன் நிறத்தில் வராது. நான் துடைத்தெடுத்துக்கொண்டிருந்தது, அந்தக் கருவியைச் செய்தவர் கடைசல் முடிந்ததும் பித்தளை மேல் பூசிய அரக்கு. ஒரு விரல் அகலத்துக்கு வெளிறிப்போன அந்த இடம் இன்றும் அப்படியே இருக்கிறது.

அன்றிலிருந்து எந்தத் தொலைநோக்கியைத் திறந்தாலும் ஒரு கேள்வியை முதலில் கேட்டுக்கொள்கிறேன்: இது செய்தவர் வைத்ததா, பின்னால் வந்து சேர்ந்ததா? தூசி, கைப்பிசுக்கு, களிம்பு, பூஞ்சை, யாரோ தடவிய கிரீஸ், யாரோ தேய்த்த பாலிஷின் வெள்ளை மிச்சம் எல்லாம் பின்னால் வந்தவை. அவை போகலாம். அரக்குப் பூச்சு, குழலுக்குள் பூசிய கறுப்பு, பெயர்ப் பொறிப்பு, லென்ஸின் விளிம்பில் இருக்கும் மங்கலான பென்சில் கோடு ஆகியவை செய்தவருடையவை. அவற்றில் கை வைக்கக் கூடாது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்தப் பிரிவினையை ஒட்டித்தான் போகும்.

கையில் இருப்பது என்ன

18, 19ஆம் நூற்றாண்டுகளில் செய்யப்பட்டு இன்று அதிகம் கண்ணில் படுவது, குழலுக்குள் குழலாக இழுத்து நீட்டும் கைத் தொலைநோக்கி. ஒரு வெளிக்குழல், அதற்குள் பெரும்பாலும் மூன்று உள்குழல்கள். மூடினால் ஒரு சாண் அளவுக்குச் சுருங்கும், நீட்டினால் சுமார் 75 செ.மீ. வரை போகும். வெளிக்குழலுக்கு மேல் மரமோ தோலோ போர்த்தியிருக்கும். முன்னால் ஒரு மூடி. கண் வைக்கும் முனையில் தூசி போகாமல் தள்ளி மூடும் சிறிய பித்தளைத் தகடு.

முன்னால் இருக்கும் பெரிய லென்ஸ் பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும், பெரும்பாலும் இரண்டு கண்ணாடிகள் சேர்ந்தது. குரோவுன் என்ற சாதாரணக் கண்ணாடி வகையில் ஒரு குவிலென்ஸ், ஃபிளிண்ட் என்ற காரீயம் கலந்த கண்ணாடியில் ஒரு குழிலென்ஸ். ஒற்றை லென்ஸ் காட்டும் வானவில் விளிம்பை இந்த ஜோடி பெருமளவு நீக்கிவிடும். செஸ்டர் மூர் ஹால் என்பவர் 1730களிலேயே இதைக் கண்டிருந்தாலும், 1758இல் காப்புரிமை பெற்றவர் லண்டனின் ஜான் டோலண்ட். அந்தப் பெயருக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்றால், மற்றவர்கள் ஓர் எழுத்தை மட்டும் மாற்றித் தங்கள் கருவிகளில் பொறித்து விற்றார்கள். உங்களுடையதில் அந்தப் பெயர் இருந்தால் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

கண் முனையில் இருக்கும் மிகச் சிறிய உள்குழலில் நான்கு லென்ஸ்கள் இருக்கும். இரண்டு, தலைகீழாக விழும் பிம்பத்தை நிமிர்த்த. இரண்டு, அதைப் பெரிதாக்கிக் கண்ணுக்குத் தர. ஆக மொத்தம் ஆறு கண்ணாடி, பன்னிரண்டு முகம். ஒரு முகம் திரும்பினால்கூடப் படம் கெடும். பிரிப்பது எளிது. பன்னிரண்டு முகங்களையும் பழையபடி சேர்ப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

திறப்பதற்கு முன்

முதலில் அதன் வழியாகப் பாருங்கள். தொலைவில் ஒரு பெயர்ப்பலகையையோ மரக்கிளையையோ குறிவைத்து, என்ன தெரிகிறது என்று எழுதி வையுங்கள். படம் மொத்தமாக மங்கலா, நடுவில் கூர்மையாக இருந்து ஓரம் மட்டும் கெடுகிறதா, மூடுபனி போட்டதுபோல் வெளிறியிருக்கிறதா? அழுக்கும் பூஞ்சையும் பெரும்பாலும் படத்தை வெளிறச் செய்யும், கூர்மையை அவ்வளவாகக் குறைக்காது. எங்கே வைத்தாலும் கூர்மையே வரவில்லை என்றால், உங்களுக்கு முன்னால் யாரோ திறந்து ஒரு லென்ஸைத் திருப்பிப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். இது முதலிலேயே தெரிந்தால், உள்ளே இருக்கும் வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பமாட்டீர்கள்.

எந்தக் கட்டத்திலும் சூரியனை இதன் வழியாகப் பார்க்காதீர்கள். கணநேரத்தில் பார்வை போகும். வேலை நடக்கும்போது முன் லென்ஸை வெயில் விழும் ஜன்னலோரம் வைப்பதும் ஆபத்து. அது பூதக்கண்ணாடிபோல் வெயிலைக் குவித்துத் துணியைப் பற்றவைக்கும்.

மேசை மேல் தடித்த வெள்ளைத் துண்டை விரித்து, நான்கு ஓரத்தையும் சுருட்டி வரப்புபோல் விடுங்கள். கழன்று விழும் லென்ஸ் உருண்டு ஓட முடியாது. ஒரு நீளத் தாளில் தொலைநோக்கியின் குறுக்குவெட்டைப் பெரிதாக வரைந்து, வலது ஓரத்தில் ‘கண்’ என்று எழுதி அம்புக்குறி போடுங்கள். இனி கழற்றும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு சிறு கிண்ணம், தாளில் ஒரு குறிப்பு. செல்போனில் படம் எடுப்பதும் நல்லதுதான். ஆனால் பித்தளை வளையத்துக்குள் இருக்கும் சிறிய லென்ஸின் எந்தப் பக்கம் புடைத்திருக்கிறது என்பது படத்தில் தெரியாது. கையால் வரைந்த தாளுக்கு ஈடில்லை.

வேண்டிய சாமான்கள் அதிகமில்லை: காற்றை ஊதும் ரப்பர் பந்து, மென்மையான தூரிகை, சுத்தமான பஞ்சு, பிசிறு உதிராத பருத்தித் துணி, காய்ச்சி வடித்த நீர், வாசனையும் நிறமும் சேர்க்காத மிதமான திரவ சோப்பு, ஐசோபுரொபைல் ஆல்கஹால், மெல்லிய ரப்பர் கையுறை, பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டை. குறடு, வைஸ், சுத்தியல் மூன்றையும் அந்த அறையிலேயே வைக்காதீர்கள். மரை மக்கர் செய்யும்போது கை தானாக அவற்றைத் தேடும்.

பிரிக்கும் வரிசை

உள்குழல்கள் எல்லாவற்றையும் முழுதாக இழுங்கள். ஒவ்வொரு குழலின் வாயிலும் ஒரு கழுத்து வளையம் இருக்கும். விளிம்பில் வரிவரியாகச் சொரசொரப்பாக வெட்டியிருப்பார்கள், விரல் வழுக்காமல் இருக்க. பெரிய குழலை ஒரு கையிலும் வளையத்தை மறு கையிலும் பிடித்து, வளையத்தை இடஞ்சுழியாகத் திருகினால் மரை விடும். விட்டதும் வளையமும் அதற்குள் இருக்கும் சிறிய குழலும் சேர்ந்தே வெளியே வரும்.

கண் முனையிலிருந்து தொடங்கி முன்பக்கம் நோக்கிப் போங்கள். சிறிய குழல், அடுத்தது, அதற்கடுத்தது. ஒவ்வொன்றையும் எடுத்ததும் அது எந்த வளையத்தோடு சேர்ந்தது என்று எழுதுங்கள். அந்தக் காலத்துப் பட்டறைகளில் மரைக்குப் பொது அளவு கிடையாது, ஒவ்வொன்றும் அதன் ஜோடிக்காகவே வெட்டியது. பார்க்க ஒன்றுபோல் இருக்கும் இரண்டு வளையங்களை மாற்றிப் போட்டால் ஒரு சுற்று ஏறிவிட்டு இறுகும், அங்கேயே மரை கெடும். சில கருவிகளில் குழலின் உட்புறம் புள்ளியோ ரோமன் எண்ணோ கீறியிருக்கும். அது பட்டறையில் ஜோடி சேர்த்தவர் வைத்த அடையாளம். பார்த்தால் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது சிறிய குழல் மட்டும் கையில் இருக்கிறது. அதன் இரண்டு முனையிலும் லென்ஸ்கள் உண்டு. கண் பக்கத்து மூடியைத் திருகி எடுத்தால் கண்ணுக்கு அருகிலுள்ள லென்ஸ், உள்ளே இன்னொன்று. மறுமுனையில் ஒரு சிறு குப்பிபோல் தனிக் குழல் திருகியிருக்கும். பிம்பத்தை நிமிர்த்தும் இரண்டு லென்ஸ்களும் அதற்குள் இருக்கும். லென்ஸ்களுக்கு நடுவே ஓட்டை போட்ட மெல்லிய பித்தளை வட்டுகள் கிடைத்தால் வெறும் தகடு என்று ஒதுக்கிவிடாதீர்கள். பக்கவாட்டில் சிதறும் ஒளியைத் தடுப்பவை அவை. எங்கே எந்த ஓட்டை இருந்தது என்பது லென்ஸைப் போலவே முக்கியம்.

ஒரே நேரத்தில் ஒரு லென்ஸை மட்டும் எடுங்கள். எடுத்தது, வரைந்தது, துடைத்தது, திரும்ப வைத்தது, பிறகுதான் அடுத்தது. நான்கையும் ஒன்றாகக் கழற்றி வைத்தால் வேகமாக முடியும் என்று தோன்றும். அந்த வேகம் வேண்டாம்.

தட்டை எது, புடைப்பு எது? விரலால் தடவிப் பார்க்க வேண்டாம், வெளிச்சமே சொல்லிவிடும். லென்ஸைச் சாய்த்துப் பிடித்து அதன் மேல் முகத்தில் ஜன்னலின் பிரதிபலிப்பைப் பாருங்கள். தட்டையான முகத்தில் ஜன்னல் கண்ணாடியில் தெரிவதுபோல் நேர்க்கோடுகளோடு தெரியும். புடைத்த முகத்தில் அதே ஜன்னல் கடுகளவாகச் சுருங்கி, கம்பிகள் வளைந்து தெரியும். ஒரு முறை பார்த்துப் பழகிவிட்டால் பிறகு மறக்காது. கண் பக்கத்து ஜோடியில் பெரும்பாலும் இரண்டு தட்டை முகங்களும் கண்ணை நோக்கியே இருக்கும். நிமிர்த்தும் ஜோடி கருவிக்குக் கருவி மாறும்.

முன் லென்ஸ் கடைசி. வெளிக்குழலின் முன் முனையில் திருகியிருக்கும் பித்தளைக் கூட்டை அப்படியே கழற்றுங்கள். கூட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். மரை போட்ட மெல்லிய வளையம் லென்ஸைப் பிடித்திருந்தால் அதை எடுக்கலாம். வளையமே இல்லாமல் பித்தளை விளிம்பை உருட்டிக் கண்ணாடி மேல் மடித்திருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த விளிம்பை நெம்பினால் கண்ணாடியின் ஓரம் சில்லு பெயரும். அப்படிப்பட்ட லென்ஸைக் கூட்டோடே வைத்து இரண்டு வெளிமுகங்களையும் துடைத்தால் போதும். சிறிய லென்ஸ்களிலும் இப்படி மடித்துப் பிடித்தவை நிறைய உண்டு.

திருக மறுக்கும் மரை

இந்த வேலையில் தொலைநோக்கிகள் அதிகம் சேதமாவது இங்கேதான். குழலின் தகடு மிக மெல்லியது. கழற்ற வேண்டும் என்ற ஆத்திரத்தில் இறுக்கிப் பிடித்தால் வட்டம் முட்டை வடிவமாகும். முட்டை வடிவக் குழலில் மரை இன்னும் இறுகும். நாம் பிடிக்கப் பிடிக்க அது பூட்டிக்கொள்ளும். எனவே விரல் நுனியால் கிள்ளிப் பிடிக்காமல், ரப்பர் கையுறையோடு உள்ளங்கை முழுதும் படும்படி வளைத்துப் பிடியுங்கள். அல்லது ரப்பர் பட்டையைச் சுற்றிப் பிடியுங்கள். அழுத்தம் சுற்றிலும் சமமாக விழும்போது பாதி மரைகள் அப்போதே விட்டுவிடும்.

விடவில்லையா? லென்ஸ் இல்லாத மூட்டு என்றால் மரையின் வாயில் ஊடுருவும் மெல்லிய எண்ணெயை ஊசி முனையால் ஒரு சொட்டு விட்டு ஓர் இரவு வையுங்கள். மறுநாளும் அசையாவிட்டால் இன்னொரு சொட்டு, இன்னோர் இரவு. களிம்பு மரைக்குள் பல ஆண்டுகளாக உறைந்திருக்கும். நான் ஒன்பது நாள் காத்திருந்து கழற்றிய வளையம் ஒன்று உண்டு, ஒரு கீறல்கூட இல்லாமல் வந்தது. லென்ஸ் அருகில் இருக்கும் மூட்டில் எண்ணெய் வேண்டாம். அது ஊர்ந்து கண்ணாடிகளுக்கு இடையே போய்விடும், பிறகு அதை எடுப்பது பெரும்பாடு.

அங்கே வெப்பம் உதவும், அளவோடு. ஹேர் டிரையரைத் தூரத்தில் பிடித்து வெளி வளையத்தை மட்டும், கை தாங்கும் சூடு வரை, சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். ஒரே அளவு சூட்டில் பித்தளை சாதாரணக் கண்ணாடியைவிடச் சுமார் இரு மடங்கு விரியும்; வெளி வளையம் கொஞ்சம் விரிந்தால் பிடி தளரும். நெருப்பு மட்டும் கூடவே கூடாது. சில கருவிகளில் குழலின் நெடுக்குமூட்டோ வளையங்களோ ஈயப் பற்றவைப்பில் நிற்கின்றன. வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்த அந்தப் பற்று 183 டிகிரி செல்சியஸிலேயே உருகத் தொடங்கும். அரக்கும் லென்ஸை ஒட்டிய பிசினும் அதற்கு வெகு முன்பே இளகிவிடும்.

கண்ணாடிகள்

லென்ஸ் துடைப்பதில் முதல் வேலை துடைக்காமல் இருப்பதுதான். தூசியில் மணல்துகள் இருக்கும். ஒரே இழுப்பில் கண்ணாடியைக் கீறிவிடும். முக்கியமாக ஃபிளிண்ட் கண்ணாடியில் காரீய ஆக்சைடு கலந்திருப்பதால் அது மென்மையானது. எனவே லென்ஸைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் பந்தால் ஊதுங்கள், பிறகு தூரிகையின் நுனியால் அழுத்தாமல் தட்டிவிடுங்கள், மறுபடி ஊதுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும்.

கூட்டிலிருந்து வெளியே வரும் ஒற்றை லென்ஸ் என்றால் குளிப்பாட்டிவிடலாம். ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தின் அடியில் துணியை விரித்து, காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு சோப்பு கலந்து, அறையின் சூட்டிலேயே லென்ஸைச் சில நிமிடம் வையுங்கள். பழைய லென்ஸ்கள் திடீர்ச் சூட்டையோ குளிரையோ தாங்காது. பிறகு நனைந்த பஞ்சைத் தண்ணீருக்குள்ளேயே, பஞ்சின் எடை மட்டும் படும்படி, நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுங்கள். ஓர் இழுப்புக்கு ஒரு பஞ்சு. எடுத்த அழுக்கைத் திரும்பவும் கண்ணாடி மேல் கொண்டு வரக் கூடாது. சுத்தமான வடிநீரில் அலசி, விளிம்பைப் பிடித்து நிறுத்தி, துணியின் நுனியால் சொட்டுகளை ஒற்றி எடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு மிச்சமிருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தொட்டுப் பிழிந்த பஞ்சு, அதே முறையில்.

கூட்டோடு இருக்கும் லென்ஸுக்குக் குளியல் கிடையாது. ஈரம் விளிம்புக்குள் புகுந்து தங்கிவிடும். அங்கே ஈரப்பதமான பஞ்சு மட்டும். ஆல்கஹால் ஒரு சொட்டு பித்தளையில் விழுந்தாலும் அரக்கு கரையும் என்பதை மறக்காதீர்கள்.

பூஞ்சை, சிலந்தி வலைபோல் ஓரத்திலிருந்து நடுவே படர்ந்திருக்கும். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு தொட்ட பஞ்சைச் சில நிமிடம் மேலே வைத்து, பிறகு வடிநீரால் அலசினால் பெரும்பாலும் வந்துவிடும். பூஞ்சை நெடுங்காலம் இருந்தால் அது சுரக்கும் அமிலம் கண்ணாடியை அரித்திருக்கும். அந்தத் தடம் போகாது, போக்க முயலவும் வேண்டாம். டூத்பேஸ்ட்டோ வேறு எந்தத் தேய்ப்புப் பொடியோ லென்ஸ் பக்கமே வரக் கூடாது. லென்ஸின் வளைவு ஒளியின் அலைநீளத்தில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமானது. கையால் தேய்த்தால் அந்த வளைவு போனது போனதுதான்.

இன்னும் இரண்டு விஷயங்களை அழுக்கு என்று நினைத்துவிடுவார்கள். ஒன்று, கண்ணாடிக்குள்ளேயே இருக்கும் குமிழிகள். உருகிய கண்ணாடியைக் கலக்கிச் சீராக்கும் முறையைச் சுவிட்சர்லாந்தின் பியர் லூயி கினான் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவருவதற்கு முன்னால், குறையில்லாத ஃபிளிண்ட் துண்டு கிடைப்பதே அரிது. 40 மி.மீ. லென்ஸில் அரை மி.மீ. குமிழி ஒன்று மறைப்பது மொத்தப் பரப்பில் 6,400இல் ஒரு பங்கு. படத்தில் அது தெரியவே தெரியாது.

மற்றொன்று, ஃபிளிண்ட் முகத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும் மெல்லிய நீலமோ ஊதாவோ கலந்த பளபளப்பு. எத்தனை துடைத்தாலும் போகாது. இது என் மனதுக்கு மிகவும் பிடித்த விஷயம். காற்றின் ஈரம் நூறு ஆண்டுகளாகக் கண்ணாடியின் மேற்பரப்பை மாற்றி உண்டாக்கிய மிக மெல்லிய படலம் அது. இப்படி மங்கிய கண்ணாடி புதுக் கண்ணாடியைவிட அதிக ஒளியை உள்ளே விடுவதை 1886இல் ஆங்கில இயற்பியலாளர் ரேலி பிரபு கண்டார். யார்க் நகரின் குக் நிறுவனத்தில் லென்ஸ் வடிவமைத்த டென்னிஸ் டெய்லரும் பழைய தொலைநோக்கி லென்ஸ்களில் இதையே கவனித்து, அந்தப் படலத்தைச் செயற்கையாக உண்டாக்கும் முறைக்கு 1904இல் காப்புரிமை வாங்கினார். இன்றைய கேமரா லென்ஸ்களின் பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சுக்கு இதுதான் முன்னோடி. உங்கள் தொலைநோக்கிக்குக் காலம் இலவசமாகப் பூசிக் கொடுத்திருக்கிறது. விட்டுவிடுங்கள்.

முன் ஜோடியைப் பிரிக்கலாமா

ஜோடியின் இரண்டு கண்ணாடிகளும் ஒட்டாமல் சும்மா அடுக்கியிருந்தால் பிரித்துத் துடைக்கலாம். பிரிக்கும் முன் விளிம்பில் பென்சில் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கண்ணாடிகளையும் குறுக்கே வெட்டும் ஒரு ‘வி’ போல இருக்கும். எந்தக் கோணத்தில் இரண்டும் சேர்ந்தால் படம் நன்றாக வருகிறது என்று செய்தவர் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக் குறித்தது அது. இல்லாவிட்டால் நீங்களே மெல்லிய பென்சிலால் ஒன்று போடுங்கள். ‘வி’யின் கூர்முனை கண் பக்கம் அல்லாமல் வெளியே, வானத்தைப் பார்க்கும் பக்கம் இருக்கட்டும். சொரசொரப்பான விளிம்பில் பென்சில் நன்றாக நிற்கும், ஆனால் தேய்த்தால் போய்விடும். கழுவும்போது விளிம்பைத் தொடாதீர்கள். இடையில் மூன்று சிறு உலோகத்தாள் துண்டுகள் இருந்தால் அவையும் கணக்கில் உண்டு.

கனடா பால்சம் என்ற மரப்பிசினால் ஒட்டியிருந்தால் பிரிக்க வேண்டாம் என்பதே என் முடிவான கருத்து. ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் ஏறியிருப்பதும், விளிம்பில் பெரணி இலைபோல் விரிந்திருப்பதும் பார்க்க அசிங்கமாக இருக்கலாம். படம் நன்றாக வருகிறது என்றால் அது குறையே இல்லை. நடுவரை மங்கிப்போய்ப் பயன்படுத்தவே முடியாத நிலை என்றால் மட்டும், அசிட்டோனில் நாள்கணக்கில் ஊறவைத்துப் பிரிப்பார்கள். பிறகு மையம் பார்த்துத் திரும்ப ஒட்ட வேண்டும். அது லென்ஸ் ஒட்டிப் பழகியவரின் வேலை. அவசரத்தில் கத்தி நுனியை நடுவில் விட்டு நெம்பினால் ஃபிளிண்ட் லென்ஸ் இரண்டாகும்.

பித்தளை

பித்தளையில் எதைச் செய்யாமல் விடுகிறோம் என்பதுதான் முக்கியம். அரக்கு இருக்கிறதா என்று முதலில் கண்டுபிடியுங்கள். உள்குழலை இழுத்து, எப்போதும் மூடியே இருக்கும் பகுதியைப் பாருங்கள். அங்கே வெதுவெதுப்பான பொன்னிறமும், கை படும் இடத்தில் திட்டுத்திட்டாகப் பழுப்பும் இருந்தால் அரக்கு இன்னும் இருக்கிறது. அதற்கு, சோப்புநீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு, வெறும் நீர்த்துணியால் ஒரு துடைப்பு, உடனே உலர்துணி. அவ்வளவுதான். இதிலேயே துணி கறுத்துப்போகும், குழல் இரண்டு சாயல் வெளுக்கும்.

பச்சைக் களிம்பு கெட்டியாக இருக்கும் இடத்தில் மூங்கில் குச்சியைச் சீவி, எண்ணெய் தொட்டு, களிம்பை மட்டும் சுரண்டுங்கள். மூங்கில் பித்தளையைவிட மென்மையானது, கீறாது. மரைக்குள் இருக்கும் களிம்புக்குப் பழைய பல்துலக்கும் பிரஷ் போதும்.

எலுமிச்சைச் சாறு, வினிகர் போன்ற புளிப்புகள் வேண்டாம். பாத்திரம் பளிச்சென்று வரும் என்பது உண்மைதான். ஆனால் அமிலம் பித்தளையிலிருந்து துத்தநாகத்தைக் கரைத்து எடுத்தால் செம்பின் இளஞ்சிவப்பு திட்டுகள் தங்கிவிடும். அம்மோனியா கலந்த பாலிஷ்கள் அதைவிட மோசம். இந்தியாவில் பிரிட்டிஷ் படையின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலங்களில் காரணம் தெரியாமல் விரிசல் விட்டன. குதிரை லாயங்களின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாதான் காரணம் என்பது 1921இல்தான் விளங்கியது. இழுத்து உருவாக்கிய பித்தளைக்குள் எப்போதும் ஓர் இறுக்கம் தங்கியிருக்கும், அம்மோனியா பட்டால் அந்த இடம் பிளக்கும். தொலைநோக்கிக் குழலும் அப்படி இழுத்துச் செய்ததாக இருக்கலாம்.

அரக்கு முற்றிலும் போய், பித்தளை வெறுமையாகவே இருக்கிறது, பளபளப்பாக்கத்தான் வேண்டும் என்றால் மிக நுண்ணிய பாலிஷை லேசாகப் போடுங்கள். பெயர் பொறித்த இடத்தை மட்டும் தவிருங்கள். அந்த எழுத்துகளைக் கிட்டே வைத்துப் பாருங்கள். தடித்த கோடுகள் ஆழமாக இருக்கும், எழுத்தின் வால்கள் மயிரிழையாக இருக்கும். ஒவ்வொரு பாலிஷிலும் முதலில் மறைவது அந்த வால்கள்தான். பலமுறை தேய்த்த கருவிகளில் பெயரின் நடுப்பகுதி தடவினாலும் தெரியாமல் போயிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எந்த ஊர், யார் செய்தது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அதோடு போய்விடும்.

குழலின் உட்புறக் கறுப்பைத் தொடாதீர்கள். பெரும்பாலும் அது அரக்கில் குழைத்த புகைக்கரி. ஆல்கஹால் பட்டால் கரைந்து வரும். உலர்ந்த தூரிகையால் தூசியை மட்டும் தட்டி எடுங்கள்.

மரப் போர்வைக்கும் தோலுக்கும் ஈரமே வேண்டாம். உலர்ந்த தூரிகை, பிறகு மிக மெல்லிய மெழுகு. தோல் சிவந்த பொடியாக உதிர்ந்தால் எண்ணெய் தடவிக் காப்பாற்ற முயலாதீர்கள். மெழுகும் தொட வேண்டாம், மெல்லிய காகிதத்தில் சுற்றி வையுங்கள்.

திரும்பச் சேர்ப்பது

மரையைச் சேர்க்கும்போது நேராக வலப்பக்கம் திருகாதீர்கள். வளையத்தைப் பொருத்தி முதலில் இடப்பக்கம் மெதுவாகச் சுழற்றுங்கள். ஓர் இடத்தில் ‘டிக்’ என்று சின்னதாக இறங்கும். மரையின் தொடக்கம் தொடக்கத்தோடு சந்தித்த இடம் அது. அங்கிருந்து வலப்பக்கம் திருகினால் வெண்ணெயாக ஏறும். சிறிது முரண்டு பிடித்தாலும் பின்வாங்கி, மறுபடி அந்த ‘டிக்’கைத் தேடுங்கள்.

ஒட்டாத முன் ஜோடியைப் பென்சில் கோடு பார்த்து அடுக்கியதும், குழல்விளக்கின் கீழ் சாய்த்துப் பாருங்கள். இரண்டு கண்ணாடிக்கும் இடையே வண்ண வளையங்கள் தெரியலாம். வளையங்களின் மையம் லென்ஸின் நடுவில் இருந்தால் இரண்டும் சமமாக உட்கார்ந்திருக்கின்றன. ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் இடையில் ஒரு தூசியோ நூலோ மாட்டியிருக்கிறது. எடுத்து ஊதி மறுபடி வையுங்கள். பிடிக்கும் வளையத்தை இறுக்க வேண்டாம். காதருகே வைத்து ஆட்டினால் கேட்டும் கேட்காத ஒரு சிறு ஒலி வரும் அளவு தளர்வு இருக்கட்டும். இறுக்கிய லென்ஸ் வளையும், படமும் வளையும்.

உள்குழல்கள் சறுக்க எண்ணெயோ கிரீஸோ போடக் கூடாது. தூசியைப் பிடித்து அரைக்கும் பசையாகிவிடும். சுத்தமான பித்தளை மேல் மெழுகு பூசி முழுதும் துடைத்தெடுத்தால் போதும். குழல் தானாக நழுவி விழுகிறதென்றால், கழுத்து வளையத்தின் உட்புறம் பிளவு வெட்டிய மெல்லிய நாக்குகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். குழலை இறுகப் பிடிப்பவை அவைதான். ஒவ்வொன்றையும் மயிரிழை அளவு உள்பக்கம் அழுத்தி, குழலைப் போட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் மறுபடி அழுத்துங்கள்.

முதலில் பார்த்த அதே பெயர்ப்பலகையைப் பாருங்கள். வெளிறல் போய்க் கறுப்பு கறுப்பாகத் தெரிய வேண்டும். நடு கூர்மையாக இருந்து ஓரம் முன்பைவிடக் கெட்டு வண்ணம் காட்டினால் கண் பக்கத்தில் ஒரு லென்ஸ் திரும்பியிருக்கிறது. எங்கும் கூர்மை வராமல் வெண்ணெய்போல் குழைந்தால் முன் ஜோடி முன்பின்னாக இருக்கிறது. தாளை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

இரவில் கடைசிச் சோதனை. கருவியை அசையாத ஒன்றில் சாய்த்து, பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, குழலைக் கொஞ்சம் உள்ளே தள்ளி நட்சத்திரத்தை வேண்டுமென்றே மங்கலாக்குங்கள். வட்டமான ஒளித்தட்டு தெரிந்தால் எல்லாம் நேராக இருக்கிறது. முக்கோணமாகத் தெரிந்தால் முன் லென்ஸின் வளையத்தைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டு மறுபடி பாருங்கள். வட்டம் வந்ததும் மூடியைப் போட்டு, நீங்கள் வரைந்த தாளைச் சுருட்டித் தொலைநோக்கியோடு சேர்த்தே வைத்துவிடுங்கள்.